படுவான்கரை மேசனின் அரசியலும் நமது கைத்தொழிலும்

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள் உண்டு. சூரியன் எழுகின்ற கடற்பக்கம் எழுவான்கரை. சூரியன் படுகின்ற மேற்குப் பக்கம் படுவான்கரை. பெயர் வைத்தவர்கள் சூரியனை மட்டும் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் பின்னாளில் வசதிகள் எல்லாம் ஒரு கரையிலும், வயலும் மாடும் காடும் மறு கரையிலுமாக அமைந்துவிட்டன. யுத்த காலத்தில் இந்த வாவியே எல்லைக்கோடாகவும் மாறியது. எழுவான்கரை படையினரிடமும், படுவான்கரையின் பெரும்பகுதி 2007ஆம் ஆண்டு வரை நீண்ட காலம் விடுதலைப் புலிகளிடமும் இருந்தன. வவுணதீவுச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றும், மண்முனைத்துறையில் பாதைக்காகக் காத்திருந்தும் காலம் கழித்த சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறு மாவட்டங்களில் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் இங்கு 'பாதை' என்பார்கள்.

படுவான்கரைக் கிராமம் ஒன்றில் அறுபது வயதைத் தாண்டிய மேசன் ஒருவர் இருக்கிறார். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களின் வீட்டு வேலைகள் தொடர்பாக அங்கு போய்வரத் தொடங்கிய நாளில் இருந்து அவரை எனக்குத் தெரியும். ஊரில் எல்லோரும் 'மேசன் மாமா' என்பதால் நானும் அப்படியே அழைக்கிறேன். அவர் என்னை 'மகள்' என்பார். கோபம் வந்தால் 'மிஸ்' என்பார். பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "கருத்துச் சொன்னவன் எல்லாம் பட்டபாடு இன்னும் ஞாபகத்தில இரிக்கு மகள்" என்பது அவர் சொன்ன காரணம்.

ஒரு மேசனின் அரசியலைப் பெண்கள் சஞ்சிகையில் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எமது மாதாந்தக் கூட்டங்களில் அரசியல் பேச்சு எழுந்தால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். "அதைக் கதைச்சு நமக்கு என்ன, ஒரு வேலையைப் பற்றிக் கதையுங்க" என்பார்கள். அரசியலையும் வேலையையும் சேர்த்துக் கதைக்கின்ற ஒருவரை நான் முதலில் கண்டது இந்த மனிதரிடம்தான். அவர் சொல்வதில் பாதியுடன் எனக்கு உடன்பாடு இல்லை. அதையும் எழுதுகிறேன்.

வடக்கும் கிழக்கும் இணைவதா பிரிவதா என்ற கேள்வி எமது பிரதேசத்தில் தேர்தலுக்குத் தேர்தல் எழுந்து வருவது. 1987 இலங்கை இந்திய ஒப்பந்தத்தின்படி 1988இல் இரு மாகாணங்களும் ஒன்றாக்கப்பட்டன. அந்த இணைப்புத் தொடர வேண்டுமா என்று கிழக்கு மக்களிடம் சர்வசன வாக்கெடுப்பு நடத்தப்படும் என்றும் சொல்லப்பட்டது. அது வருடா வருடம் பின்போடப்பட்டு, நடக்காமலே போனது. 2006 ஒக்டோபரில் அந்த இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 தொடக்கத்தில் இருந்து மீண்டும் இரு மாகாணங்கள்.

மேசன் மாமாவின் அபிப்பிராயம் இது:

"சேர்க்கக்குள்ளயும் எங்களட்டக் கேக்கல்ல, பிரிக்கக்குள்ளயும் கேக்கல்ல. ரெண்டு சுவரச் சேர்க்கிறதெண்டா மூலையில கல்ல மாறி மாறிக் கோர்த்து வெச்சுக் கட்டணும். பக்கத்தில பக்கத்தில தனித்தனியாக் கட்டிப்போட்டு நடுவில பூசி மறைச்சா அடுத்த மாரிக்கு வெடிப்பு வரும். இவங்க பூச்சுத்தான் பூசினவங்க."

மேசன்மாருக்கு உலகத்தில் எதைக் கண்டாலும் சுவராகத் தெரியும் போலும். ஆனால் அவர் சொன்னதைப் பின்னர் யோசித்துப் பார்த்தேன். கல்லைக் கோர்ப்பது என்று அவர் கருதுவது என்ன என்று கேட்டதற்கு, வடக்கு கிழக்கைப் பற்றிப் பேசாமல் தன் வாவியைப் பற்றித்தான் பேசினார். ஜப்பானின் உதவியுடன் மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014இல்தான். "ரெண்டு மாகாணத்தைச் சேர்க்கிற கதை நான் பொடியனா இருந்த காலத்தில இருந்து கேக்கன். எங்கட ரெண்டு கரை சேர எவ்வளவு காலம் எடுத்திச்சு பாத்தீங்களா? அதுவரைக்கும் பிள்ளைத்தாச்சி எல்லாம் இரவில பாதைக்குக் கத்தினதுதான்."

இங்கு ஒரு விடயத்தில் அவருடன் நான் தர்க்கப்பட்டேன். பாலம் வந்துவிட்டால் அதிகாரப் பகிர்வு வேண்டாம் என்று சொல்பவர்களுக்கு இது வசதியான பேச்சு அல்லவா என்றேன். அவர் உடனே மறுத்தார். அதிகாரம் வேண்டாம் என்று தான் சொல்லவில்லை என்றார். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லாமல் ஆளுநர்களின் கீழ்தான் இரு மாகாணங்களும் இருந்தன. "சேர்த்தும் பாத்தாங்க, பிரிச்சும் பாத்தாங்க, மறுகா பூட்டிப்போட்டுத் துறப்பக் கொண்டு போயிட்டாங்க" என்றார். அதாவது, எந்த அளவு வீடு வேண்டும் என்று இரண்டு சகோதரர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, இருந்த வீட்டின் திறப்பு வேறு ஒருவரின் இடுப்பில். வாக்களிக்க மட்டும் தவறமாட்டார். யாருக்கு என்று நான் கேட்டதில்லை.

"வடக்கான்", "கிழக்கான்" என்ற சொற்களை அவர் வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. இதற்குக் காரணம் இருக்கின்றது. 2004 மார்ச்சில் இயக்கம் வடக்கு கிழக்கு என்று பிளவுபட்டபோது அவரது மூத்த மகன் அதில் இருந்தான். வயது பதினாறு. ஏப்ரல் மாதத்தில் கிழக்கில் இருந்த சிறுவர்கள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவனும் வந்தான். அதன் பிறகுதான் பயம் தொடங்கியது என்கிறார் அவரது மனைவி. ஒரு பக்கம் திரும்ப அழைத்துப் போக வரும், மறு பக்கம் நீ யார் என்று கேட்டு வரும். இரவில் பிள்ளையை நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் படுக்க வைத்திருக்கிறார்கள். பின்னர் எழுவான்கரையில் உறவினர் வீடு ஒன்றில் விட்டு, வயரிங் வேலை பழக்கி, கட்டாருக்கு அனுப்பினார்கள். "யாழ்ப்பாணத்தான் எங்கள ஏமாத்தினான் எண்டும் சொன்னாங்க, மட்டக்களப்பான் காட்டிக்குடுத்தான் எண்டும் சொன்னாங்க. ரெண்டு கதைக்கும் செத்தது எங்கட புள்ளையள்." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சாந்தகப்பையில் ஒட்டியிருந்த காய்ந்த சீமெந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பிரிவினை என்பது தமிழருக்குள் மட்டுமா? அவருக்குத் தொழில் பழக்கியவர் எழுவான்கரையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பாஸ். பதினைந்து வயதில் மணல் அரிப்பதற்காகச் சேர்ந்து, ஆறு வருடத்தில் தூக்குக்குண்டு பிடிக்கும் அளவுக்கு வந்திருக்கிறார். 1990இல் எல்லாம் முறிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் சத்துருக்கொண்டான் பகுதியில் தமிழ்க் கிராமத்தவர்கள், பெண்களும் குழந்தைகளுமாக, கொல்லப்பட்டார்கள். அதன் பின்னர் குருவும் சீடனும் பதினான்கு வருடம் ஒருவரை ஒருவர் காணவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர், கரையோரம் எங்கும் வீடு கட்ட மேசன் தேடிய காலத்தில், பாஸ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார். "போனன். என்னத்தக் கதைக்கிற? ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கல்ல. நூலப் பிடிடா எண்டார், பிடிச்சன்." வடக்கு கிழக்கு இணைப்பைப் பற்றிக் கிழக்கின் முஸ்லிம்கள் ஏன் அஞ்சுகிறார்கள் என்பதை எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். இவரிடம் கேட்டால், "அவங்களும் கோர்க்கிற கல்லுத்தானே, பூச்சுக்குள்ள போட்டு மூட ஏலுமா" என்பதோடு நிறுத்திவிடுவார்.

வேலையைப் பற்றிய அவரது கருத்துகளுக்கு வருகிறேன். இங்குதான் நாங்கள் அதிகம் முரண்பட்டோம்.

2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். அவரது இளைய மகளும் அங்கு போய் இருந்தவள். மேசன் மாமாவுக்கு அது பெரிய மனவருத்தம். "நாலு வருசம் படிச்ச புள்ள, ஒரு கந்தோர்க் கதிரைக்காக றோட்டில படுக்குது. அதே காலத்தில நான் வயரிங் செய்ய ஆள் இல்லாம, தண்ணிக் குழாய் பொருத்த ஆள் இல்லாம, வேற மாவட்டத்தில இருந்து ஆளப் பிடிக்கன்." நானும் சமூகவியல் படித்த பட்டதாரி என்பதை அவர் நன்கு அறிவார். ஆகவே இது எனக்கும் சேர்த்துத்தான்.

நான் சொன்ன பதில் இதுதான். அரசாங்க வேலை என்பது ஒரு பெண்ணுக்குக் கதிரை மட்டும் அல்ல. மாதம் முடிந்தால் வரும் சம்பளம், பிரசவ விடுமுறை, வயதான காலத்தில் ஓய்வூதியம், வங்கியில் கடன் கேட்டால் நம்பிக் கொடுப்பது, இவை அனைத்தும் அந்த ஒரு நியமனக் கடிதத்துக்குள் இருக்கின்றன. யுத்தத்தில் ஆண் துணையை இழந்த குடும்பத்துக்கு இது ஒரு வேலி மாதிரி. மேசனுக்கு இவற்றில் எது இருக்கின்றது? அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "எனக்குப் பென்சன் இந்த முதுகுநோதான்" என்று சிரித்தார். ஆக, பிள்ளைகள் கைத்தொழிலை வெறுப்பதற்கு அவர்களின் பெருமை மட்டும் காரணம் அல்ல, அந்தத் தொழிலில் பாதுகாப்பு இல்லாததும் காரணம் என்பதை அவரே ஏற்றுக்கொண்ட மாதிரி. ஆனால் அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. மகளுக்குப் பின்னாளில் பயிலுநர் நியமனம் கிடைத்தது. அதுவரை காத்திருந்த காலம் திரும்பி வரவில்லை.

இனி, என்னை இதை எழுத வைத்த சகோதரியைப் பற்றி. அவருக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. கணவர் 2006 கடைசியில் வயலுக்குப் போனவர், இன்றுவரை வரவில்லை. 2007இல் இரண்டு பிள்ளைகளுடன் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து திரும்பி, கல் அரியும் இடம் ஒன்றில் வேலை செய்தார். சீமெந்துக் கல் அரிவதற்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மணல் என்பதை அங்குதான் பழகினார். பின்னர் இந்திய வீட்டுத் திட்டம் வந்தது. வடக்கு கிழக்கில் ஏறத்தாழ 46,000 வீடுகளுக்கு, ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கட்டம் கட்டமாக வழங்கப்பட்ட திட்டம் அது. வீட்டை உரிமையாளரே கட்ட வேண்டும். வெளியூர் மேசன் ஒருவர் இரண்டாம் கட்டப் பணத்தை வாங்கிக்கொண்டு, சுவர் இடுப்பளவில் நிற்கும்போது காணாமல் போய்விட்டார். அடுத்த கட்டப் பணம் வேண்டுமானால் சுவர் எழும்ப வேண்டும். கையில் காசும் இல்லை. இவர் தானே நூல் கட்டி, தானே கல் வைத்து, பிள்ளைகள் சாந்து குழைத்துக் கொடுக்க, யன்னல் மேல்மட்டம் வரைக்கும் கட்டிவிட்டார்.

யாரோ சொல்லி மேசன் மாமா பார்க்கப் போனார். தூக்குக்குண்டைப் போட்டுப் பார்த்தாராம். "கால் அங்குலம் விலகல்ல மகள். என்னோட ரெண்டு வருசம் நிண்ட பொடியனுக்கும் அப்படி வராது." அதன் பின்னர் தன்னுடன் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

மேசனாக அல்ல, கையாளாக. ஒன்பது வருடங்கள். கல் வைக்கிறார், உட்சுவர் பூசுகிறார், தரைக்கு மட்டம் பார்க்கிறார். நான் கணக்கைக் கேட்ட நேரத்தில் மேசனுக்கு நாள்கூலி 4,000 ரூபாய், ஆண் கையாளுக்கு 2,800, இவருக்கு 2,000. ஆண் கையாளைவிடவும் குறைவு. இதை நான் கேட்டபோதுதான் அவர் என்னை 'மிஸ்' என்று அழைத்தார். சாரத்தில் ஏறி வெளிச்சுவர் பூசுவதில்லை, ஆகவே முழு மேசன் இல்லை என்பது அவரது நியாயம். ஏன் ஏறவில்லை? "பொம்பிளை சாரத்தில ஏறினா ஊர் கதைக்கும்." ஏறவிடாதவர் யார்? பதில் இல்லை. வடக்கு கிழக்கில் யாரைக் கேட்டுச் சேர்த்தார்கள், யாரைக் கேட்டுப் பிரித்தார்கள் என்று அவ்வளவு நியாயமாகக் கேட்கின்ற மனிதர், தன்னுடைய வேலைத்தளத்தில் இந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. இதைப் பால்நிலைத் தொழிற்பிரிவினை என்று நாங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தோம். அந்தச் சகோதரி எதையும் படிக்கவில்லை, தர்க்கமும் செய்யவில்லை. மறு கிழமை தன் மகனின் நீளக் காற்சட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து, அவர் சாப்பிடப் போன நேரத்தில் சாரத்தில் ஏறிப் பூசத் தொடங்கிவிட்டார். திரும்பி வந்தவர் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு சொன்னது, "கயித்த இறுக்கிக் கட்டிப்போட்டு ஏறு கா."

2022 பொருளாதார நெருக்கடியில் 50 கிலோ சீமெந்துப் பை ஏறத்தாழ மூவாயிரம் ரூபாயைத் தொட்டபோது ஊரில் கட்டட வேலை அனைத்தும் நின்றது. மேசன்மார் பலர் வெளிநாடு போனார்கள். வேலை மீண்டும் தொடங்கியபோது ஆள் பற்றாக்குறை. அப்போதுதான் நான் சான்றிதழ் விடயத்தைப் பேசினேன். உங்களில் பலருக்கும் இது பயன்படும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எமது நாட்டில் தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ., என்ற சான்றிதழ் முறை உண்டு. மூன்றாம் நிலைக் கல்வி மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் வருவது. ஏழு மட்டங்கள். முதல் நான்கும் கைத்தொழில் திறனுக்கு, ஐந்தும் ஆறும் டிப்ளோமாவுக்கு, ஏழு பட்டத்துக்குச் சமம். பாடநெறி படித்துத்தான் எடுக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி அல்ல. வேலையைச் செய்து செய்தே பழகியவர்களும், தங்கள் திறனை மதிப்பீட்டாளர்களுக்குச் செய்து காட்டி இதைப் பெறலாம். ஒரு கோவை தயாரிக்க வேண்டும். எங்கெங்கு என்ன வேலை செய்தீர்கள், செய்த வேலையின் படங்கள், வேலை தந்தவரின் கடிதம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பின்னர் மதிப்பீட்டாளர்கள் முன் வேலை செய்ய வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மேசன் வேலைக்கு மட்டும் அல்ல, தையல், சமையல், வெதுப்பகம், அழகுக்கலை, வயரிங் என்று பல தொழில்களுக்கும் உண்டு. உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரை அல்லது பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். நைட்டா என்று அழைக்கப்படும் தொழிற்பயிலுநர் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலும் விசாரிக்கலாம். செய்யும் வேலையை இன்றில் இருந்தே கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எமது சகோதரியிடம் ஒன்பது வருட வேலைக்குப் படம் என்று இருந்தது நான்கே நான்கு. அதிலும் ஒன்றில் அவர் முதுகுதான் தெரிந்தது. ஆகவே கட்டிய வீடுகளுக்கே திரும்பிப் போய், வீட்டுக்காரரிடம் கேட்டு, சுவரின் முன் நின்று படம் எடுத்தோம்.

வீடு கட்டுகின்ற பெண்களுக்கு மேசன் மாமா சொல்லச் சொன்ன சில விடயங்களும் உள்ளன. தன் தொழிலின் களவைத் தானே சொல்வதால் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்த அளவுக்குத்தான் காசு, முற்பணமாகப் பெருந்தொகை எந்த மேசனுக்கும் கொடுக்க வேண்டாம், "எனக்கும் குடுக்காதீங்க." கடல் மண்ணில் கட்ட விடாதீர்கள், உப்புப் பூத்துக் கம்பியைத் தின்னும். அரிந்த கல்லை நிழலில் வைத்து ஒரு கிழமையாவது தண்ணீர் ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கல்லோடு கல்லைத் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் திருப்பி அனுப்புங்கள். பை எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதி மேசனிடம் கையெழுத்து வாங்குங்கள்.

கோவைக்கு வேலை தந்தவரின் கடிதம் வேண்டும் என்று மேசன் மாமாவிடம் போனேன். அவர் ஐந்தாம் வகுப்புடன் நின்றவர். மகள் எழுதித் தருவாள், நான் கையெழுத்து வைக்கிறேன் என்றார். மறுநாள் காலை, தானே எழுதிய கடிதத்துடன் வந்தார். கொப்பித் தாளில் பென்சிலால் கோடு போட்டு எழுதியிருந்தார். அதில் 'கையாள்' என்று ஒரு இடத்தில் எழுதி, அதை வெட்டி, மேலே 'மேசன்' என்று எழுதியிருந்தது. வேறு தாளில் சுத்தமாக எழுதித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சகோதரி வாங்கிக்கொண்டார்.

நாள்கூலியை 2,500 ஆக்கியிருக்கிறார். நாலாயிரத்துக்கு இன்னும் ஆயிரத்து ஐந்நூறு குறைகிறது என்று சகோதரி அவர் முன்னிலையிலேயே கணக்குச் சொன்னார். "சேட்டிபிக்கட் வரட்டும், மறுகா பார்ப்பம்" என்றார் மேசன் மாமா. மதிப்பீட்டுக்காக வளவின் பின்பக்கம் ஒரு மூலைச் சுவரைக் கட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். கல்லை மாறி மாறிக் கோர்த்து ஏழு வரிசை வந்திருக்கிறது. இவர் வைக்க, அவர் கையாளாக நின்று சாந்து எடுத்துக் கொடுக்கிறார்.